பரண்மேல் படுத்திருக்கும் ஸ்டாண்டு

அன்புள்ள ஸ்டூடியோ வீட்டுப் பிள்ளைகளுக்கு,

உங்களில் பெரும்பாலோரை எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பரணை நன்றாகத் தெரியும். தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ் இருக்கும். ஏரியும் அன்னமும் மாடிப்படியுமாக வரைந்த பின்னணித் திரை ஒன்று, எலி கடித்தது போக மிச்சம், சுருட்டி மூலையில் சாத்தியிருக்கும். என்லார்ஜருக்குத் தலை தனியாக, உடம்பு தனியாகக் கிடக்கும். அதற்கெல்லாம் பின்னால், சாக்கில் சுற்றி, மூன்று காலையும் சேர்த்துக் கட்டி, முக்கால் ஆள் நீளத்துக்கு ஒன்று படுத்திருக்கும். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

புத்தகங்களில் அதை முக்காலி என்கிறார்கள். எங்கள் கடையில் முக்காலி என்றால் கைக்குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுக்கிற மர ஸ்டூல். கேமரா ஏறி நிற்பது ஸ்டாண்டு. 'ட்ரைபாட்' என்ற சொல்லை நான் முதலில் கேட்டதே இருபது வயதுக்கு மேல், சென்னையில். ஆகவே இந்த மடல் முழுக்க அது ஸ்டாண்டுதான். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டூடியோ வீட்டுப் பிள்ளை. தேவகோட்டையில் அப்பா 1957இல் திறந்த கடையை நான் 2011இல் பூட்டினேன். பூட்டிய வாரமே காரைக்குடியிலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து நின்றார். இருட்டறைச் சிவப்பு விளக்கு, பித்தளைத் தட்டு, சுவர்க் கடிகாரம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், கடைசியில் அப்பாவின் தேக்கு ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்து, "இதையும் சேர்த்துக்கலாமா அண்ணே?" என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். விலையில் அவர் குறை வைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது இடத்தை அடைக்கிற மரம்.

மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வரவேற்புக்காகப் புதுச்சேரி போனபோது, விடுதியின் முகப்புக் கூடத்தில் அதைப் பார்த்தேன். தலைப்பலகையில் துளை போட்டு வயர் இழுத்து, மேலே துணிக்கூண்டு மாட்டி, விளக்காக்கியிருந்தார்கள். அப்பாவுடையதுதானா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. இடது காலில் பித்தளைப் பட்டை இருந்தது.

அந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. 1971இல் ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ. வரிசை கட்டி முடித்துவிட்டோம். கடைசி நேரத்தில் ஒரு பையன் ஓடிவந்து ஸ்டாண்டுக் காலில் மோதினான். மரம் நீளவாக்கில் பிளந்துவிட்டது. எனக்கு அப்போது 13 வயது, கறுப்புத் துணி பிடிக்கிற வேலை. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். தலைமையாசிரியரின் கையில் இருந்த பிரம்பை வாங்கி, உடைந்த காலோடு சேர்த்துவைத்துச் சணலால் வரிந்து கட்டினார். எலும்பு முறிந்தவனுக்கு மூங்கில் வைத்துக் கட்டுவார்களே, அதே கட்டு. படம் எடுத்தோம். மறுநாள் ஆசாரி அந்தக் காலில் பித்தளைப் பட்டை அடித்துக் கொடுத்தார். அதன் பிறகு நாற்பது வருடம் அந்தக் கால் அசையவில்லை.

விளக்கின் பக்கத்தில் நின்று பட்டையைத் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து விடுதிப் பையன் ஒருவன் வந்து, "அது கூட நிக்கிறீங்களா சார்? போட்டோ எடுத்துத் தரேன்" என்று செல்போனை நீட்டினான். நின்றேன். அந்தப் படம் ஆடிப்போயிருந்தது.

அழகுக்காக வைத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தமில்லை. தேக்கும் பித்தளையும் அழகுதான். ஆனால் விளக்குக்கு ஒரு கம்பி போதும். பத்து கிலோ கேமராவை மழைக்காற்றில் மூச்சுவிடாமல் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றை இருபது வாட் பல்பு சுமக்க வைத்ததுதான் உறுத்தல். காளையைக் கட்டிப் பால்சொம்பு சுமக்கவிட்ட மாதிரி.

உங்கள் அப்பா, தாத்தா கடையில் இருந்ததில் எதெல்லாம் செத்துவிட்டது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளேட் போயிற்று, பிலிம் போயிற்று. மெட்டாலும் ஹைப்போவும் விற்ற கடைகள் போயின. கேமராவின் துருத்தி மடிப்பு மடிப்பாக வெடித்துவிட்டது. என்லார்ஜருக்கு பல்பு கிடைக்காது. இத்தனைக்கும் நடுவில் மூப்பே வராத பொருள் ஸ்டாண்டு ஒன்றுதான். காரணம் அதன் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் திருகு.

ஜோசப் விட்வொர்த் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் திருகு மரைகளுக்கு ஓர் அளவுமுறை வகுத்தார். கால் அங்குலத் தடிமன் என்றால் அங்குலத்துக்கு 20 மரை. காலே அரைக்கால், அதாவது 3/8 அங்குலம் என்றால் 16 மரை. கேமராக்காரர்கள் சின்னக் கேமராவுக்கு முதல் அளவையும் பெரியதற்கு இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அமெரிக்க மரை வந்தது. அதன் கோணம் 60 பாகை, விட்வொர்த்துடையது 55. கேமராவின் அடியில் இருக்கும் அந்தக் கொஞ்ச ஆழத்துக்கு இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சண்டையில்லாமல் ஏறிவிடும். போன மாதம் நீங்கள் தவணையில் வாங்கின மிரர்லெஸ் கேமராவின் அடியிலும் அதே கால் அங்குல ஓட்டைதான். பரணில் கிடப்பது 3/8 திருகாக இருந்தால் நடுவில் போட ஒரு சின்னப் பித்தளை புஷ் போதும். மெமரி கார்டின் வடிவம் மாறுகிறது, சார்ஜரும் மாறுகிறது. நூறு வருடத்துக்கு மேலாக மாறாதது இந்தத் திருகு.

சரி, சாக்கை அவிழுங்கள். உள்ளே இருப்பது என்ன?

தமிழ்நாட்டு, கேரளத்துப் பழைய ஸ்டூடியோ என்றால் அநேகமாக மரம். ஆலப்புழையில் கே. கருணாகரன் நடத்திய வாகீஸ்வரி கேமரா ஒர்க்ஸ் தேக்கிலும் பித்தளையிலும் செய்த கேமராக்கள் எத்தனையோ கடைகளில் இருந்தன. அந்த மாதிரிக் கேமராவுக்கேற்ற ஸ்டாண்டை உள்ளூர் ஆசாரியே இழைத்துக் கொடுத்துவிடுவார். இரட்டைச் சட்டம், நடுவில் நழுவி இறங்கும் ஒற்றைச் சட்டம், இறுக்க விங் நட்டு, அடியில் இரும்பு முனை. பேர் பொறித்திருக்காது. அதனால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். மரத்தின் நார் அதிர்வைக் குடித்துவிடும். உலோகக் குழாயைத் தட்டினால் மணி மாதிரி கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும், மரத்தைத் தட்டினால் 'டொக்' என்று அங்கேயே முடிந்துவிடும். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் முல்டா என்ற ஊரில் பெர்லெபாக் என்ற நிறுவனம் 1898 முதல் மர ஸ்டாண்டு செய்கிறது, இன்றும் ஆஷ் மரத்தில் செய்து விற்கிறது. நிலம் அளக்கிறவர்களின் மர ஸ்டாண்டையும் பார்த்திருப்பீர்கள். துல்லியம் வேண்டிய இடத்தில் அவர்கள் மரத்தை இன்னும் விடவில்லை. (அப்படி ஒரு சர்வே ஸ்டாண்டு உங்கள் பரணில் இருந்தால் அதன் திருகு 5/8 அங்குலம். கேமராவுக்கு நேராக ஏறாது, லேத் பட்டறையில் ஒரு அடாப்டர் கடையச் சொல்ல வேண்டும்.)

வெளிநாட்டில் உறவு இருந்த கடைகளில் டில்ட்டால் இருக்கலாம். நியூ ஜெர்சியில் மார்க்கியோனி என்ற சகோதரர்கள் வடிவமைத்தது. எழுபதுகளில் லைக்கா கேமராவின் லைட்ஸ் நிறுவனமே தன் பேர் போட்டு அமெரிக்காவில் விற்றது. தலையும் உடம்பும் பிரிக்க முடியாமல் ஒன்றாகவே வரும். இரண்டு நீளக் கைப்பிடி, எடை ஏறத்தாழ 2.7 கிலோ. என்னிடம் ஒன்று இருக்கிறது. சம்பந்தி வீட்டார் வேட்டி சேலையோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீர் வரிசையில் வந்த ஒரே உருப்படியான சாமான் என்று என் மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்திரிகைக்காரர்கள் கைமாற்றியது என்றால் கிட்ஸோவாக இருக்கும். சாம்பல் நிறத்தில், சுத்தியலால் கொத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் அடித்திருக்கும். ஆர்சென் கிட்ஸோவன் 1917இல் பிரான்ஸில் தொடங்கிய கம்பெனி. கேமரா, ஷட்டர் என்று ஆரம்பித்துப் பிறகுதான் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். 1988இல் ஓய்வு பெற்ற ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரிடம் சென்னையில் வாங்கின கிட்ஸோவை நான் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்றால், வியாபாரி வந்த அன்றைக்கு அது கட்டிலுக்கு அடியில் இருந்தது, மறந்துபோனேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை.

இத்தாலிக்காரர் லினோ மன்ஃப்ரோட்டோவின் கறுப்பு, வெள்ளி ஸ்டாண்டுகளும் எண்பதுகளுக்குப் பிறகு நிறைய வந்தன. அவரும் பத்திரிகைப் படக்காரராக இருந்தவர்தான், பஸ்ஸானோ தெல் கிராப்பா என்ற ஊர். அவை பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், விடுகிறேன்.

பழையது என்பதாலேயே எல்லாம் பொன்னாகிவிடாது. தொண்ணூறுகளில் வீடியோ கேமராவோடு இலவசமாகக் கொடுத்த, பிளாஸ்டிக் தலையும் நடுவில் ஒட்டடைக்கம்பு மாதிரிக் குறுக்குச் சட்டமும் வைத்த மெல்லிய அலுமினியச் சாமான் ஒன்றும் அதே பரணில் இருக்கும். அதைக் காயலான் கடைக்குப் போடுங்கள். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

எது தேறும் எது தேறாது என்று பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. ஸ்டாண்டைக் கண் உயரத்துக்கு விரித்து, கேமராவை ஏற்றி, கொஞ்சம் நீள லென்ஸ் மாட்டுங்கள். தூரத்தில் ஒரு கோபுரக் கலசத்தையோ செல்போன் டவரையோ குறிவைத்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது ஸ்டாண்டின் காலை விரலால் சுண்டுங்கள். கலசம் நடுங்கும். எத்தனை எண்ணுவதற்குள் நிற்கிறது? 'ஒன்று' சொல்லி முடிப்பதற்குள் நின்றால் நல்ல ஸ்டாண்டு. மூன்று எண்ணியும் ஆடினால் எங்கோ மூட்டு தளர்ந்திருக்கிறது. கால் முளைக்கும் இடம், தலை உட்காரும் இடம், உச்சித் தட்டு என்று ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். முக்கால்வாசி நேரம் குற்றம் காலில் இருக்காது, மூட்டில்தான் இருக்கும். மனுஷனுக்கும் அறுபதுக்கு மேல் அப்படித்தான்.

இங்கே ஒரு மயக்கத்தையும் தீர்த்துவிட வேண்டும். கனமாக இருந்தாலே உறுதி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். முழு உண்மை அதுவல்ல. உறுதி என்பது வளையாமை, பிறகு அதிர்வு சீக்கிரம் அடங்குவது. கனம் அதற்குத் துணை. காற்றடிக்கிற கடற்கரையில் கனம்தான் ராஜா. ஆனால் கனமான ஸ்டாண்டிலும் நடுக்கம்பத்தை முழுக்க மேலே ஏற்றிவிட்டால் மூன்று கால் இருந்து பிரயோசனமில்லை, கேமரா நிற்பது ஒற்றைக் காலில். அப்பா அந்தக் கம்பத்தைத் தொடவிடமாட்டார். உயரம் போதவில்லை என்றால் காலை நீட்டு, இல்லாவிட்டால் பெஞ்சு மேல் ஏறு என்பார்.

மரத்தை எழுப்புவது எளிது. வெயிலில் போடாதீர்கள், சட்டம் முறுக்கிக்கொள்ளும். நிழலில் இரண்டு நாள் காற்றாட வைத்து, உளுத்த இடம் இருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தை மட்டும் ஆசாரியிடம் மாற்றிக்கொள்ளலாம். மற்றதற்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும். பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாம், ஆனால் கழற்றி எடுத்துத் துலக்குங்கள். மரைக்குள் புளி போனால் பச்சை பூத்துவிடும். மூட்டுகளில் தோல் வளையம் காய்ந்து பொடியாகியிருக்கும். செருப்புத் தைக்கிறவரிடம் காட்டினால் பத்து நிமிடத்தில் வெட்டிக் கொடுப்பார். தலைப்பலகையில் ஒட்டியிருந்த கம்பளித் துணி போயிருந்தால் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுங்கள்.

உலோக ஸ்டாண்டில் வேறு வியாதி. உள்ளே போட்ட கிரீஸ் முப்பது வருடத்தில் பலாப்பிசின் ஆகியிருக்கும், வளையம் திரும்பாது. இடுக்கி போட்டுத் திருகாதீர்கள், குழாய் நசுங்கினால் போயிற்று. வளையத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்துவிட்டு மரையில் மட்டும் துளி கிரீஸ் தடவுங்கள். குழாயைக் கவ்விப் பிடிக்கிற உள்வளையத்தில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் இறுக்க இறுக்கக் கால் நழுவும். காலடி ரப்பர் போயிருந்தால் ஹவாய் செருப்பு இருக்கிறது.

பழைய கிட்ஸோவுக்கு ஒரு மந்திரம் உண்டு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: கழற்றும்போது கீழ் வளையத்திலிருந்து மேலே, இறுக்கும்போது மேல் வளையத்திலிருந்து கீழே. இப்போது வருகிற ஸ்டாண்டுகளில் குழாய் சுழலாமல் தடுக்க உள்ளே வழி செய்துவிட்டார்கள். பழையதில் அது இல்லை. மேல் வளையம் தளர்ந்திருக்கும்போது கீழ் வளையத்தைத் திருகினால் குழாயும் கூடவே சுற்றும். இறுகிவிட்டது என்று உங்கள் கைக்குத் தோன்றும், இறுகியிருக்காது. இந்தப் பாடத்தை நான் ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றேன். அறுபது பேர் நிற்கிற குடும்பப் படம். ஐந்து தடவை க்ளிக் செய்தேன். வீட்டுக்கு வந்து வரிசையாகப் பார்த்தால் முதல் படத்தில் நேராக நின்ற குடும்பம் ஐந்தாவது படத்தில் கப்பல் கவிழ்கிற மாதிரி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டாண்டின் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குற்றம் ஸ்டாண்டுடையது அல்ல, கீழிருந்து மேலாக இறுக்கின என்னுடையது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். தடித்த மேல்குழாயை முதலில் நீட்டுங்கள், ஒல்லியான கீழ்க்குழாய் கடைசி. ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே முன்னால் வரட்டும், கேமரா மூக்கைக் குத்திக்கொண்டு விழாது. வழவழப்பான தரையில் இரும்பு முனை சறுக்கும். நாங்கள் மூன்று காலையும் சுற்றித் தேங்காய்க் கயிறு கட்டிவிடுவோம். பையை நடுவில் தொங்கவிட்டால் உறுதி கூடும் என்பார்கள், பை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கூடும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊஞ்சலாடி ஸ்டாண்டையும் ஆட்டும். கேமராவுக்குள் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதியை அணைக்க வேண்டுமா என்று அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், பல மாடல்களில் அணைக்கச் சொல்வார்கள். பழைய தலையில் வீடியோ பேன் செய்யாதீர்கள், விக்கி விக்கித் திரும்பும். காலை வைத்துக்கொண்டு மேலே வீடியோவுக்கான தலை ஒன்றைப் புதிதாக மாட்டுங்கள், 3/8 திருகு அதற்கும் பொருந்தும். அடிக்கடி கேமராவைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தால் உச்சியில் ஒரு ஆர்க்கா பிளேட் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார்.

'இப்போதுதான் கையில் பிடித்தாலே ஆடாமல் வருகிறதே, ஸ்டாண்டு எதற்கு?' இது என் பேரன் கேட்ட கேள்வி, உங்களுக்கும் இருக்கும். நியாயமான கேள்வி. ஓடுகிற குழந்தையைப் படம் எடுக்க ஸ்டாண்டு வேண்டாம். பழனி மலைப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஸ்டாண்டின் வேலை ஆட்டத்தை நிறுத்துவது மட்டும் அல்ல. கேமரா எங்கே நின்றதோ அங்கேயே மறுபடியும் நிற்கும் என்ற உத்தரவாதம் அது.

தஞ்சைப் பெரிய கோயிலை வைத்துச் சொல்கிறேன். லின்னேயஸ் ட்ரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு சுற்றியவர். 1858இல் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைப் படம் எடுக்க நினைத்தார். ஒரே படத்தில் அடங்குகிற விஷயமா அது? துண்டு துண்டாக எடுத்து 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ், கண் சிமிட்டுகிற நேரத்தில் பதிகிற சாமான் அல்ல. அந்த 21 தடவையும் கேமரா சுவரிலிருந்து அதே தூரத்தில், அதே உயரத்தில், அதே மட்டத்தில் நின்றால்தான் ஒரு துண்டின் எழுத்து அடுத்த துண்டின் எழுத்தோடு சேரும். அந்த வேலையில் கேமரா எவ்வளவு உழைத்ததோ அவ்வளவு ஸ்டாண்டும் உழைத்திருக்கும். அந்த ஸ்டாண்டை யாரும் அருங்காட்சியகத்தில் வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. இன்றைக்கு அதே பிராகாரத்தில் நீங்கள் ஸ்டாண்டை விரிக்க வேண்டும் என்றால் தொல்லியல் துறையிடம் முன்னனுமதி வாங்க வேண்டும், விரித்த பிறகு காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

குரூப் போட்டோவிலும் அதே சங்கதி. ஸ்டாண்டு அசையாமல் நின்றால் பத்துப் படம் எடுத்து, மூன்றாவதில் கண் மூடின சித்தப்பாவுக்கு ஏழாவதிலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைத்துவிடலாம். கையில் பிடித்து எடுத்தால் பத்தும் பத்துக் கோணம்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பரணில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி நிறைய நெகட்டிவ் இருக்கும் என்று தொடங்கினேன் அல்லவா? அதை ஸ்டாண்டைக் கொண்டே காப்பாற்றலாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறது. நம் பிள்ளைகள் 'பழைய குப்பை' என்று சொல்கிறதைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் ஊர் ஊராக வந்திருக்கிறார்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்வரை பெட்டிக்குள் இருக்கிற பூஞ்சை காத்திருக்காது.

செய்முறை இதுதான். ஸ்டாண்டின் நடுக்கம்பத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள், பல பழைய ஸ்டாண்டுகளில் அது முடியும். கேமரா மூன்று கால்களுக்கு நடுவே தரையைப் பார்த்துத் தொங்கும். கீழே ஒரு லைட் பேட், அதன் மேல் நெகட்டிவ். கேமராவும் நெகட்டிவும் இணையாக இருக்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கண்ணாடியை நெகட்டிவ் இருக்கும் இடத்தில் வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் சரி. விலகியிருந்தால் கால்களைச் சரிசெய்யுங்கள். விரலால் க்ளிக் பொத்தானை அழுத்தாமல் இரண்டு நொடி டைமர் போடுங்கள். அறையில் வேறு விளக்கு வேண்டாம். மின்விசிறியையும் நிறுத்துங்கள், ஃபிலிம் படபடக்கும். முதல் நெகட்டிவுக்கு அரை மணி ஆகும். ஸ்டாண்டு அசையாவிட்டால் இருநூறாவதற்கு அரை நிமிடம்.

போன ஆடி மாதம் நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியில் தப்பிப் பிழைத்த கிட்ஸோ, மேலே பேரனின் கேமரா. நாலாவது பெட்டியில், அப்பாவின் கையெழுத்தில் 1971 என்று போட்ட காகித உறைக்குள் அந்தப் பள்ளிக்கூட நெகட்டிவ் இருந்தது. பிரம்பு கட்டின காலோடு எடுத்தது. மாமரத்து நிழல், சின்னத் துவாரம், அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். பேரன் அதைத் திரையில் பெரிதாக்கிக்கொண்டே போனான். சட்டைப் பொத்தான் எண்ண முடிந்தது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்த பிள்ளைகளின் சிலேட்டில் எழுதியிருந்த வகுப்பைப் படிக்க முடிந்தது. இரண்டாவது வரிசைக் கோடியில் ஒரு பையனுக்கு மட்டும் இரண்டு தலை, கடைசி நொடியில் திரும்பியிருக்கிறான். "இவன்தான் ஓடிவந்து இடிச்சவனா தாத்தா?" என்றான் பேரன். நடுவில் நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் விரித்து வைத்திருந்தார்.

அன்புடன்,
தேவகோட்டையிலிருந்து,
உங்களைப் போல் ஒரு ஸ்டூடியோ வீட்டுப் பிள்ளை